குளம்பு கழன்ற குதிரையும் ஒரு மூடி மருந்தும்

பாண்டியர்கள் குதிரைக்குக் கறிச்சோறு போட்டே கொன்றவர்கள். இதை நான் சொல்லவில்லை. வெனிஸ் வியாபாரி மார்கோ போலோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியரின் துறைமுகமான காயல் பக்கம் வந்தவர், மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், கூடப்பிறந்த நால்வரும் தலைக்கு அதே அளவு வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் எண்ணினால் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதி வைத்தார். சோற்றையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்கு வைக்கிறார்கள், பக்குவம் தெரிந்த ஆள் கிடையாது என்பது அவர் சொன்ன காரணம். குதிரை கொண்டுவரும் வியாபாரிகள் லாடக்காரர்களை இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க விடுவதில்லை என்றும் ஒரு வரி சேர்த்தார். விடுவார்களா? போன கப்பல் குதிரை செத்தால்தானே வருகிற கப்பல் குதிரை விலைபோகும். இடுபொருள் வியாபாரத்தின் முதல் பாடம் நம் கடற்கரையிலேயே நடந்திருக்கிறது.

இதே போலோ, காயலுக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே சீனாவின் வடமேற்கு மலைகளில் இன்னொரு குதிரைக் கதை கேட்டிருந்தார். அங்கே ஒரு விஷப் பூண்டு முளைக்கிறது, அதைத் தின்ற மிருகத்துக்குக் குளம்பு கழன்று விழுந்துவிடும், உள்ளூர் மிருகங்கள் தெரிந்து ஒதுங்கும், வெளியூர் மிருகம்தான் மாட்டிக்கொள்ளும் என்கிறார். பின்னால் வந்த விஞ்ஞானிகள் பலர் இதைப் படித்துவிட்டு "ஆஹா, செலினியம்!" என்று கை காட்டினார்கள். சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. போலோவைக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை.

ஆனால் 1850களில் அமெரிக்காவின் டகோட்டா பக்கம் ராண்டால் கோட்டையில் நடந்ததைப் பற்றி அத்தனை சந்தேகமில்லை. மேடிசன் என்ற ராணுவ வைத்தியர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டாளத்துக் குதிரைகளுக்குப் பிடரி மயிர் கொட்டியது, வால் மயிர் கொட்டியது, கடைசியில் குளம்பு. சுற்றியிருந்த விவசாயிகள் தண்ணீரில் இருக்கும் காரம்தான் காரணம் என்று "கார நோய்" எனப் பெயர் வைத்துவிட்டு, பல வருஷம் கிணற்றைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். 1930களில்தான் தெற்கு டகோட்டா வேளாண் நிலையத்தில் குற்றவாளி பிடிபட்டது. தண்ணீர் பாவம், ஒன்றும் செய்யவில்லை. மண்ணில் இருந்த செலினியத்தைச் சில செடிகள் வட்டிக்கடைக்காரர் ஆசையோடு சேர்த்து வைத்துக்கொள்ள, மாடும் குதிரையும் அதை மேய்ந்திருக்கின்றன.

இந்த வஸ்துவைக் கண்டுபிடித்ததே ஒரு கூத்து. 1817. சுவீடனில் பெர்சீலியஸ் என்ற பெரிய ரசாயனப் புலி, கான் என்ற கூட்டாளியோடு சேர்ந்து ஒரு கந்தக அமில ஆலையில் பங்கு வைத்திருந்தார். அமிலம் எடுத்த தொட்டியின் அடியில் செம்பழுப்பாக ஒரு வண்டல். சூடாக்கினால் முள்ளங்கி நாற்றம். "டெல்லூரியம்தான், சந்தேகமே இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். அப்புறம் நிதானமாக உட்கார்ந்து பார்த்ததில் டெல்லூரியமும் இல்லை, அதன் நிழலும் இல்லை, புதுத் தனிமம். டெல்லூரியத்துக்குப் பூமியின் பெயர் வைத்திருந்ததால் இதற்கு நிலாவின் பெயரை வைத்தார். அதோடு விட்டாரா? இதன் வாயுவை மோந்து பார்த்து, சில மணி நேரம் அம்மோனியா வாடைகூடத் தெரியாத மூக்கோடு உட்கார்ந்திருந்தார். ஆய்வகத்தின் முக்கியமான கருவி ஆய்வாளரின் மூக்காக இருந்த காலம் அது.

மூக்கைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. உடம்பில் செலினியம் மிஞ்சிப்போனால் மூச்சில் பூண்டு வாடை வரும் என்பது வைத்தியப் புத்தகங்கள் சொல்லும் அடையாளம். சுவீடனுக்கு அது சரி. ராத்திரி பூண்டுக் குழம்பு, காலையில் பூண்டு ஊறுகாய் என்று சாப்பிட்டுவிட்டுப் போடிநாயக்கனூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் மனிதரிடம் எந்த வைத்தியர் எதைக் கண்டுபிடிப்பார்?

செலினியம் செய்கிற சேட்டைக்கெல்லாம் மூலகாரணம் அது கந்தகத்துக்குப் பங்காளி என்பதுதான். முகச்சாடை அப்படியே இருக்கும். பயிரின் வேர் கந்தகத்துக்கென்று திறந்து வைத்த கதவில் செலினேட் என்ற வேஷத்தில் நுழைந்துவிடும். உள்ளே புரதம் கட்டும் இடத்தில் கந்தகம் உட்கார வேண்டிய பாயில் இது உட்கார்ந்துகொள்ளும். ஒன்றிரண்டு இடம் என்றால் குடும்பம் கண்டுகொள்ளாது. பந்தி முழுக்கப் பங்காளியே உட்கார்ந்துவிட்டால் புரதம் கோணிக்கொள்ளும். குளம்பு, கொம்பு, நகம், மயிர் எல்லாம் கந்தகப் பிணைப்பால் இறுகி நிற்பவை. அதனால்தான் முதல் அடி அங்கே விழுகிறது.

ஏலக்காய் விளையும் போடி மலைச்சரிவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரும்பும் அலுமினியமும் நிறைந்த புளிப்பு மண், செலினியம் இருந்தாலும் இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்குக் கொடுக்காது. ஆகவே குளம்பு கழன்ற கதை இந்த மலையில் கிடையாது. இங்கே உள்ள கதை வேறு. இது மருந்து அடிக்கிற மலை.

1936-ல் அமெரிக்க வேளாண் துறையின் ஹர்ட்-காரர் அம்மையாரும் பூஸ் என்பவரும் ஒன்றைக் கவனித்தார்கள். செலினியம் ஊட்டி வளர்த்த செடியில் உட்கார்ந்து சாறு குடித்த அசுவினி செத்து விழுந்தது. மேலே தெளிக்க வேண்டாம், செடியே விஷமாக நிற்கும். இன்றைக்குக் கடைக்காரர் "உள்ளே பாயுற மருந்துண்ணே" என்று விற்கிறாரே, அந்த வம்சத்துக்கு இதுதான் மூத்த பாட்டன். கண்ணாடிக் கூடாரத்துப் பூச்செடிகளுக்குச் சோடியம் செலினேட்டை வைத்தார்கள். ஆரஞ்சுக்கும் திராட்சைக்கும் சிலந்திக்காகச் செலினிய மருந்து அடித்துப் பார்த்தார்கள். அப்புறம்தான், பூச்சி குடிக்கிற அதே சாற்றில் விளைந்த பழத்தை மனிதனும் தின்கிறானே என்ற யோசனை வந்தது.

அந்த மருந்து அந்தக் காலத்தில் போடிக்கு வராமல் போனது நம் புண்ணியம். 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனார்கள். மறுபடி போட 1950கள் ஆயிற்று. தண்டவாளமே தங்காத ஊருக்குச் செலினேட் எங்கிருந்து வரும். அந்தப் பக்கம் குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கயிற்றுப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வந்துகொண்டிருந்தன. அந்த வழியும் 1924 வெள்ளத்தில் அடிபட்டது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குட்டி ரயிலை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

இந்த மலைக்கு அளவு என்ற விஷயத்தில் ஆதியிலிருந்தே ஒரு கோணல் உண்டு. ஏலமலைக் காடு எவ்வளவு என்பதற்கு 1897-ல் திருவிதாங்கூர் அரசு போட்ட அறிவிப்பில் 15,720 ஏக்கர் என்று ஒரு கட்சி படிக்கிறது. 2,15,720 ஏக்கர் என்று இன்னொரு கட்சி படிக்கிறது. ஒரே ஒரு "2". அது முன்னால் நின்றதா, இல்லையா என்று நூற்றாண்டு தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போய் நிற்கிறார்கள். ஒரு இலக்கத்தில் இரண்டு லட்சம் ஏக்கர் காடாகிறது அல்லது தோட்டமாகிறது. நிலம் என்பதால் வக்கீல்களோடு போயிற்று. செலினியத்தில் இலக்கம் தவறினால் வக்கீல் வருவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

முடிந்தும் இருக்கிறது. 2009 ஏப்ரல், ஃபுளோரிடா. போலோ விளையாட்டின் பெரிய கோப்பைப் பந்தயம். வெனிசுலா அணி ஒன்றின் குதிரைகளுக்குத் தெம்புக்காக ஒரு சத்து ஊசி, கடையில் சொல்லிக் கலந்து வாங்கியது. ஊசி போட்ட குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. மொத்தம் 21. ஒரு பொருளின் அளவு தவறிப்போனது என்று கலந்து கொடுத்த மருந்தகமே ஒத்துக்கொண்டது. பரிசோதனையில் செலினியம் மிகுதி என்று தெரிந்தது. பாண்டியராவது சோறு போட்டுக் கொன்றார். இவர்கள் ஒவ்வொன்றும் ஒரு பங்களா விலை பெறும் குதிரைகளை ஒரே நாளில் முடித்தார்கள்.

"அப்படியென்றால் அந்தச் சனியனே வேண்டாம்" என்று விட்டுவிடவும் முடியாது. 1943-ல் செலினியம் எலிக்குக் கல்லீரல் கட்டி உண்டாக்குகிறது என்று சொல்லி அதற்குக் கொலைகாரப் பட்டம் கட்டினார்கள். சரியாக 14 வருஷம் கழித்து, 1957-ல், கிளவுஸ் ஷ்வார்ஸ் என்பவர் அதே எலிக்கு, அதே கல்லீரல் அழுகாமல் காப்பாற்றுவது செலினியம் என்று கண்டுபிடித்தார். எலிகளைக் கேட்டிருந்தால் முதலிலேயே ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றிருக்கும். 1973-ல் காரணமும் தெரிந்தது. செல்லுக்குள் உண்டாகும் பெராக்சைடை அணைக்கும் ஒரு நொதியின் நடுமையத்தில் செலினியம் உட்கார்ந்திருக்கிறது. மனித உடம்பில் இப்படிச் செலினியம் வைத்துக் கட்டிய புரதங்கள் 25. தைராய்டு சுரப்பை வேலைக்குத் தயார்படுத்தும் நொதியும் அதில் ஒன்று.

குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் கேஷான் சாட்சி. 1935-லிருந்து அங்கே குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் இதயம் வீங்கிச் செத்தார்கள். மண்ணில் செலினியம் மிகக் குறைவு. 1970களில் சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்ததும் நோய் அடங்கியது. ஆட்டுக்குட்டிக்குத் தசை வெளுத்து நிற்க முடியாமல் போவது, கோழிக்குஞ்சுக்குத் தோலுக்கடியில் நீர் கோப்பது, பசு கன்று போட்டும் நஞ்சுக்கொடி விழாமல் கிடப்பது: கால்நடை மருத்துவர் வைட்டமின் இ-யும் செலினியமும் சேர்ந்த ஊசியோடு வருவது இதற்கெல்லாம்தான். நாமக்கல் கோழித் தீவனத்தில் செலினியம் ஒரு மாமூல் சரக்கு.

அளவை ஒழுங்காகக் கையாண்ட ஊர் என்று தேடினால் பின்லாந்து ஒன்றுதான் கண்ணில் படுகிறது. 1984-ல் நாட்டின் கூட்டு ரசாயன உரங்களில் செலினியம் கலக்க உத்தரவிட்டார்கள். தானியத்துக்குப் போடும் உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராம், தீவனப் பயிருக்கு 6. பிறகு பாலை அளந்தார்கள், ரொட்டியை அளந்தார்கள், ஜனங்களின் ரத்தத்தை அளந்தார்கள். கொஞ்சம் தூக்கல் என்று தெரிந்ததும் 1990-ல் எல்லாவற்றுக்கும் 6 ஆக்கினார்கள். பின்னால் குறைகிறதே என்று மறுபடி ஏற்றினார்கள். உப்புப் பார்த்துச் சமைக்கிற அரசாங்கம். நம்மிடம் இந்த யோசனையைச் சொன்னால் முதலில் டெண்டர்தான் விடுவார்கள்.

எதிர்ப்பக்கம் நம் பஞ்சாப் இருக்கிறது. நவான்ஷகர், ஹோஷியார்பூர் பக்கம் சிவாலிக் மலையிலிருந்து அடித்துவந்த வண்டலில் செலினியம் தாராளம். மாட்டுக்குக் கொம்பு உரிகிறது, குளம்பு வெடிக்கிறது, சிலருக்கு நகம் போகிறது. 2024 டிசம்பரில் மகாராஷ்டிராவின் புல்டானா மாவட்டத்துக் கிராமங்களில் ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் மூன்று நாலு நாளில் தலை வழுக்கையானது. கல்யாணங்கள் நின்றன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றன. தேள்கடி வைத்தியத்தில் உலகப் பேர் வாங்கிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் போய்ப் பார்த்து, பஞ்சாப் பக்கத்திலிருந்து ரேஷனுக்கு வந்த கோதுமையில் செலினியம் அதிகம் என்று சொன்னார். வேடிக்கை பாருங்கள், தலைப்பொடுகுக்குப் போடும் ஷாம்பூவில் இருப்பதும் செலினியம்தான். வெளியே தடவினால் பொடுகு போகிறது, உள்ளே போனால் பொடுகு உட்கார இடமே போகிறது.

பெரியவருக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 55 மைக்ரோகிராம் போதும். 400-க்கு மேல் தொடர்ந்து போனால் வம்பு. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டு அதில் நாற்பது பங்கு. நடுவில் இருக்கும் வரப்பு அவ்வளவுதான் அகலம்.

இங்கேதான் நானோ வருகிறது. செலினைட் உப்பு தண்ணீரில் கரையும், உடம்பில் உடனே பாயும், அதனால்தான் சீக்கிரம் விஷமாகிறது. அதையே வைட்டமின் சி-யோடோ தேயிலைச் சாற்றோடோ கலந்தால் கரைசல் செம்மஞ்சளாகி, தனிமச் செலினியத்தின் மணிகள் பிறக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரம் மணியை வரிசையாக நிறுத்தலாம், அதற்கு மேலும் நிறுத்தலாம். கரையாது, மெல்ல மெல்லத்தான் வேலைக்கு வரும். 2001-ல் சீன ஆய்வாளர்கள் எலிக்குக் கொடுத்துப் பார்த்ததில், எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு செலினைட்டுக்குக் கிலோ உடல் எடைக்குச் சுமார் 15 மில்லிகிராம் செலினியம் என்றும், நானோவுக்கு 113 என்றும் வந்தது. ஏழு மடங்கு பொறுமைசாலி. பெராக்சைடை அணைக்கும் நொதியை ஏற்றிவிடுவதிலோ இரண்டும் சமம்.

பயிர்ப் பக்கம் நம் கோவை ஆட்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2005-லேயே சோயாவுக்குச் செலினியம் தெளித்து, இலை மூப்பு தள்ளிப்போவதைக் காட்டினார்கள். 2018-ல் அந்தக் குழுவில் இருந்த ஜானகிராமன், அமெரிக்காவின் கன்சாஸ் ஆய்வாளர்களோடு சேர்ந்து, கடும் வெப்பத்தில் வைத்த சோளத்துக்குக் கதிர் பொதியும் பருவத்தில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நானோ செலினியம் தெளித்துப் பார்த்தார். இலையில் வெப்பச் சேதம் குறைந்தது, மகரந்தம் முளைத்தது, மணி கூடியது. செலினியம் இல்லாமல் செத்துப்போகும் பயிர் என்று எதுவும் கிடையாது. இது வெயிலுக்கு ஒரு குடை, அவ்வளவே. குடையைச் சாப்பாடு என்று விற்கக் கூடாது.

ஏலச் செடிக்கு அந்தக் குடை வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. 2024 கோடையில் மலையில் தோட்டம் தோட்டமாகச் செடி காய்ந்தது. நிழலில் வளர்ந்த செடி அது. மண்ணோடு படர்ந்து கிடக்கும் சரத்தில் பூ வாடினால் அந்த ஆண்டுக் காய் போச்சு. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை பார்த்த கண்களுக்குச் செடி வாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காது. கடைக்கு ஓடுவார்கள். கடையில் எது இருக்கிறதோ அது மருந்து.

அப்படி ஓடி ஓடி அடித்ததில் என்ன ஆயிற்று என்பதை ஐயப்பனே பார்த்துவிட்டார். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் 14 பூச்சிமருந்துகள் அளவுக்கு மேல் இருக்கின்றன என்று கேரள உயர்நீதிமன்றம் 6 லட்சத்துக்கு மேற்பட்ட டின்களை நிறுத்தியது. வழக்குப் போட்டது பக்தர் இல்லை, ஏலக்காய் சப்ளை கைவிட்டுப்போன வியாபாரி. பிறகு செய்த பரிசோதனையில் பாயசம் உண்ணத் தக்கது என்று வந்தது. 2024-ல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. ஆனால் அதற்குள் பாயசத்துக்கு வயதாகிவிட்டது. கடைசியில் அத்தனையையும் உரமாக்கக் கொடுத்தார்கள். மருந்து மலையிலிருந்து கோயிலுக்குப் போய், தீர்ப்பு வாங்கி, உரமாகத் திரும்பியது.

அடுத்தது நானோ. 2021-ல் 45 கிலோ யூரியா மூட்டைக்கு அரை லிட்டர் குப்பி சமம் என்று நானோ யூரியா வந்தது. அது சரியா இல்லையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, ஆனால் அந்தப் பெயருக்கு மார்க்கெட் வந்துவிட்டது. நானோ செலினியம் போடி மெயின் ரோட்டுக்கு வந்து சேரும் நாளில் கடையில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்கு இப்போதே காதில் விழுகிறது. 200 லிட்டர் டிரம்தான் மலையில் கணக்கு. சோளத்துக்குச் சொன்ன லிட்டருக்கு 10 மில்லிகிராமை டிரம்முக்குப் பெருக்கினால் 2 கிராம். அதுவும் சோளத்துக்கு, ஏலத்துக்கு இல்லை. அளக்கும் கருவியோ குப்பியின் மூடி.

"அண்ணே, டிரம்முக்கு எத்தனை மூடி?"

"அரை மூடி போதும்ப்பா. கூடப் போட்டா செடி கருகும்னு போட்டிருக்கு."

"அரை மூடியா? மேல ஜீப் வாடகையே என்னாகுது தெரியுமா? ஆளு கூலி என்னாகுது? அரை மூடிக்கா அம்புட்டுத் தூரம் ஏறணும்? ரெண்டா ஊத்திட்டுப் போறேன், நீங்க பில்லுல மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கண்ணே."